ஷோரூமா, தெரிஞ்ச கராஜா, ரொக்கமா? இடிபட்ட காருக்கு எந்த வழியில் எவ்வளவு கைக்கு வரும்

சில்க் போர்டு நெரிசலில் பின்னால் வந்த டெம்போ தட்டிவிட்டுப் போனாலும் சரி, ஓசூரிலிருந்து திரும்பும்போது அத்திப்பள்ளி டோல் அருகே முன்னால் நின்ற லாரியில் நாமே போய் முட்டினாலும் சரி, பெங்களூரில் நம்மவர்கள் உடனே கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எந்த இன்சூரன்ஸ் கம்பெனி நல்லா குடுக்கும்?" அது பாலிசி வாங்கும்போது கேட்டிருக்க வேண்டியது. இடித்த பிறகு கம்பெனியை மாற்ற முடியாது. மிச்சமிருப்பது வழிகள்தான். ஒரே அடிக்கு, ஒரே பாலிசியில், போகும் வழியைப் பொறுத்துப் பல ஆயிரம் ரூபாய் வித்தியாசம் வரும். ஆனால் பலர் டோயிங் வண்டி எங்கே கொண்டுபோய் இறக்குகிறதோ அதையே தங்கள் வழியாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

கேஷ்லெஸ் என்றால் காசே இல்லை என்று அர்த்தமில்லை

மூன்றரை வயதான ஒரு 1,200 சிசி கார் முன்பக்கம் அடிவாங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசி, தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டெப் கவர் எடுக்கவில்லை. ஷோரூமில், அதாவது கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில், எஸ்டிமேட் 90,000 ரூபாய் போடுகிறார்கள். பானெட், ஃபெண்டர் என்று தகரம் 24,000, பம்பர், கிரில் வகையறா பிளாஸ்டிக் 30,000, கண்ணாடி 8,000, பெயின்ட் 16,000, கூலி 12,000. "கேஷ்லெஸ்தானே சார், சாவியைக் குடுத்துட்டுப் போங்க, மத்ததை நாங்க பாத்துக்கிறோம்" என்பார் சர்வீஸ் அட்வைசர், அதாவது பில்லை இன்சூரன்ஸ் கம்பெனி நேராக ஷோரூமுக்கே கட்டிவிடும் என்று.

வண்டியை எடுக்கப் போகும் நாளில்தான் வெட்டு தெரியும். மூன்று வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடையில் உள்ள வண்டியின் தகரத்துக்கு 25 சதவீதம் தேய்மானம், அதில் 6,000 போச்சு. பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி இவற்றுக்கெல்லாம் வண்டி போன மாதம் வாங்கியதாக இருந்தாலும் பாதிதான் தருவார்கள், அதில் 15,000. கண்ணாடிக்கு வெட்டு கிடையாது. பெயின்ட் பில்லில் கால் பங்கைப் பொருளின் விலையாகக் கணக்கிட்டு அதில் பாதியைக் கழிப்பார்கள், 2,000. ஒவ்வொரு க்ளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,500 சிசி வரையிலான கார்களுக்கு 1,000. மொத்தம் 24,000 ரூபாய் நம் பையிலிருந்து.

அதே வண்டியை ஈஜிபுராவிலோ ராமமூர்த்தி நகரிலோ நமக்குத் தெரிந்த கராஜில் விட்டால்? தகரம் 16,000, பிளாஸ்டிக் 20,000, கண்ணாடி 6,000, பெயின்ட் 10,000, கூலி 6,000 என்று 58,000-க்குள் முடிகிறது என்று வைப்போம். அதே விகிதத்தில் வெட்டிப் பாருங்கள்: 4,000, 10,000, 1,250, கட்டாயக் கழிவு 1,000. நம் பங்கு 16,250 மட்டுமே. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் 66,000-க்குப் பதில் 41,750-தான் செலவு. கேஷ்லெஸ் வசதியில் போனவருக்குக் கிட்டத்தட்ட 8,000 ரூபாய் கூடுதல் செலவு. பில் பெரிதாக ஆக நம் பங்கும் பெரிதாகிறது, விஷயம் அவ்வளவுதான்.

ஜீரோ டெப் இருந்தால் இந்தக் கணக்கு தலைகீழ். தேய்மான வெட்டு இல்லை என்பதால் இரண்டு இடத்திலும் நம் கையைக் கடிப்பது அந்த 1,000-மும், கன்ஸ்யூமபிள்ஸ் கவர் எடுக்காதவர்களுக்கு ஆயில், கூலன்ட், கிளிப், நட்டு போல்ட் செலவும்தான். அப்போது கண்ணை மூடிக்கொண்டு ஷோரூமுக்கே போகலாம். ஆனால் ஒரு வருடத்தில் எத்தனை க்ளெய்முக்கு ஜீரோ டெப் செல்லும் என்று பாலிசியில் ஒரு வரி இருக்கும், அதைப் படித்துவிட்டு வண்டியை நகர்த்துங்கள்.

வெளி கராஜில் சில தலைவலிகள் உண்டு. முதலில் முழுப் பணத்தையும் நாம் கட்ட வேண்டும், கம்பெனி பிறகுதான் கொடுக்கும். சாமான் ஜே.சி. ரோட்டில் வாங்கினாலும் ஜிஎஸ்டி பில் இருக்க வேண்டும். பழைய சாமான் கடையில் எடுத்த பம்பருக்குப் பணம் எதிர்பார்க்கக் கூடாது. வாரண்டி முடியாத வண்டியை வெளியே கொடுப்பதை நான் தவிர்ப்பேன். முக்கியமாக, சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கும் முன் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்ற விடாதீர்கள்.

சர்வேயர் வரும் அந்த அரை மணி நேரம்

இழப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் உரிமம் பெற்ற சர்வேயர் பார்த்தாக வேண்டும் என்பது விதி. அதற்குக் கீழே கம்பெனி ஆளே பார்த்து முடித்துவிடலாம். யார் வந்தாலும், நமக்கு நியாயமான தொகை கிடைக்குமா இல்லையா என்பது அன்றைக்கே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அதற்கப்புறம் நடப்பதெல்லாம் அந்த எஸ்டிமேட் தாளில் விழுந்த டிக்குகளின் மேல் நடக்கும் சண்டைதான்.

ஷோரூமில் இந்த நேரத்தில் வண்டிக்காரர் ஆபீசில் இருப்பார். பேசுவது அட்வைசரும் சர்வேயரும். அட்வைசருக்குப் பார்ட்ஸ் மாற்றினால் லாபம், சர்வேயருக்குக் கணக்கு குறைந்தால் நல்ல பெயர். இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓர் இடத்தில் உடன்பாடு வரும். அது நமக்கும் சரிப்படுமா என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். தெரிந்த கராஜ் என்றால் நாமும் பக்கத்தில் நிற்கலாம். நான் பார்த்த ஒரு சர்வேயில் சேஸிஸ் நம்பரைப் படம் எடுத்து முடித்த சர்வேயர், பம்பரைத் தட்டிப் பார்த்து, "இது ரிப்பேர் பண்ணிடலாம்ல?" என்றார். திருவண்ணாமலைக்கார டிங்கர் அண்ணன் பதிலே பேசவில்லை. ஓரத்தைப் பிடித்து இழுத்து, உள்ளே ஒடிந்து தொங்கிய லாக்கைக் காட்டி, "இதை எங்க சார் மாட்டறது?" என்று கேட்டார். தாளில் 'ரிப்பேர்' அடித்து 'ரீப்ளேஸ்' ஆனது. அந்த லாக்கின் படம் சர்வேயர் போனில் மட்டும் இருந்தால் போதாது, நம் போனிலும் இருக்க வேண்டும்.

சர்வே அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்க நமக்கு உரிமை உண்டு. கேட்பவர்கள்தான் குறைவு. 2024-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கைப்படி, தகவல் சொன்ன 24 மணி நேரத்துக்குள் சர்வேயர் நியமிக்கப்பட வேண்டும். 15 நாளில் அறிக்கை வர வேண்டும். அறிக்கை வந்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். தாமதமானால் இந்த மூன்று எண்களையும் குறிப்பிட்டு மெயில் போடுங்கள். அறிக்கையில் குறைத்துப் போட்டுவிட்டாலும் அதுவே கடைசிச் சொல் அல்ல. ஒரு லாரி விபத்து வழக்கில் 2009-லேயே உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

சின்ன அடி: க்ளெய்ம் போடலாமா, விடலாமா?

இங்கே என் கட்சி 'விடு' என்பதுதான். காரணம் என்சிபி, அதாவது நோ க்ளெய்ம் போனஸ். க்ளெய்ம் இல்லாத வருடங்களுக்கு 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று தள்ளுபடி ஏறிக்கொண்டே போகும். 50-ல் இருப்பவர் ஒரு க்ளெய்ம் போட்டால் அடுத்த புதுப்பித்தலில் பூஜ்யம், பிறகு திரும்பவும் 20-லிருந்து படியேற வேண்டும். ஐந்து புதுப்பித்தல்களில் இழப்பது 50, 30, 25, 15, 5. கூட்டினால் 125 சதவீதம். சொந்த சேதத்துக்கான பிரீமியம் 8,000 என்றால் சுமார் 10,000 ரூபாய். கதவில் விழுந்த கீறலுக்கு 7,000 வாங்கி 10,000-ஐ விடுவது என்ன வியாபாரம்? என்சிபி பாதுகாப்பு எடுத்தவர்கள் வேறு மாதிரி யோசிக்கலாம்.

ரோட்டிலேயே எதிராளியிடம் காசு வாங்கி முடிப்பது பெங்களூரில் பழகிப்போன வழி. ஒரு பம்பர் கீறலுக்கு அது தப்பில்லை. ஆனால் யாருக்காவது சின்னக் காயம் பட்டிருந்தாலும் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது, போலீசுக்கும் கம்பெனிக்கும் சொல்லியே ஆக வேண்டும்.

எதிராளியின் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸிலிருந்து வாங்குவது? காகிதத்தில் அழகான வழி. பொருள் சேதத்துக்கு 7.5 லட்சம் வரை கவர் உண்டு, நம் என்சிபியும் தப்பிக்கும். ஆனால் போலீஸ் பதிவு, விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு, வக்கீல், வாய்தா என்று போகும். உயிரிழப்புக்கும் காயத்துக்கும் அதுதான் வழி, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. தகரத்துக்கு மட்டும் என்றால் எனக்குப் பொறுமை கிடையாது.

டோட்டல் லாஸ்: வண்டியைக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா?

ரிப்பேர் செலவு ஐடிவியில், அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ் கணக்கு. ஐடிவி 4 லட்சம் என்றால் கோடு 3 லட்சத்தில். எஸ்டிமேட் 3.2 லட்சம் வந்தால், வண்டியைக் கம்பெனியிடமே விட்டுவிட்டுக் கழிவு போக 3,99,000 வாங்கலாம். அல்லது உடைந்த வண்டியை நாமே வைத்துக்கொள்ளலாம். அப்போது கம்பெனி ஏலத்தில் அதற்கு என்ன விலை வந்ததோ அதைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்கும். 90,000 வந்திருந்தால் நமக்கு 3,09,000.

இரண்டாவதில் லாபம் இருக்கிற மாதிரி தெரியும். "நம்ம பையன் ஒருத்தன் 1,10,000-க்கு எடுப்பான்" என்று யாராவது சொல்வார்கள். அந்த 20,000-க்கு ஆசைப்படும் முன் ஆர்சி யார் பேரில் இருக்கப் போகிறது என்று கேளுங்கள். உடைந்த வண்டியின் ஆர்சியையும் சேஸிஸ் நம்பரையும் திருட்டு வண்டிக்கு மாட்டும் கூட்டம் நாட்டில் உண்டு. பேர் மாற்றாமல் விற்றால் நாளைக்கு போலீஸ் நம் வீட்டுக் கதவைத்தான் தட்டும். டிஎன் 70 போட்ட ஓசூர் வண்டியை வைத்துக்கொண்டு பெங்களூரில் இருப்பவர்களுக்கு இன்னொரு வேலையும் கூடும்: ஆர்சியை ரத்து செய்ய ஊர் ஆர்டிஓவைத்தான் பார்க்க வேண்டும். லோன் பாக்கி இருந்தால் பணம் முதலில் பேங்குக்குப் போகும், மிச்சம்தான் நமக்கு.

அதிகம் பேசப்படாத மூன்றாவது நிலைமை ஒன்று இருக்கிறது. எஸ்டிமேட் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே, 70 சதவீதத்தில் நிற்பது. வண்டியின் மேல் பாசம் உள்ளவர்கள் "அப்பாடா, ரிப்பேர் ஆகுது" என்று சந்தோஷப்படுவார்கள். நாலரை வயது வண்டிக்குத் தகரத்தில் 35 சதவீதம், பிளாஸ்டிக்கில் 50 சதவீதம் வெட்டு. ஜீரோ டெப் இல்லாமல் 2.8 லட்ச ரூபாய் வேலை செய்தால் நம் பங்கு சுலபமாக ஒரு லட்சத்தை எட்டிவிடும். கையில் மிஞ்சுவது அடிபட்ட வரலாறு உள்ள வண்டி. இந்த இடத்தில் ரிப்பேருக்கு ஒப்புக்கொள்ளும் முன், முழுசாகப் பிரித்துப் பார்த்து எஸ்டிமேட் போடச் சொல்லி எழுத்தில் கேட்பதுதான் என் பழக்கம். உள்ளே மடங்கிய ஏப்ரன், வளைந்த சஸ்பென்ஷன் எல்லாம் பிரித்த பிறகுதான் வெளியே வரும், எஸ்டிமேட்டும் கோட்டைத் தாண்டலாம். 300 ரூபாய் மிச்சம் பிடிக்க ஐடிவியைக் குறைத்துப் புதுப்பித்தவர்களுக்கும் அதன் விலை இங்கேதான் தெரியும்.

2022 செப்டம்பர் வெள்ளத்தில் பெல்லந்தூர் பக்கம் மூழ்கிய கார்கள் தனிக் கதை. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால், எஞ்சின் பாதுகாப்பு இல்லாத பாலிசியில் அதற்குப் பணம் வராது.

குறைத்துக் கொடுத்தால் எங்கே போவது?

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார். கூடவே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா புகார் தளத்திலும் போட்டு வைக்கலாம், செலவில்லை. அங்கே தீர்ப்பு கிடைக்காது, ஆனால் கம்பெனி பதில் எழுத வேண்டியிருக்கும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலும் இரண்டு கதவுகள்: இன்சூரன்ஸ் புகார்களை மட்டும் விசாரிக்கும் ஒம்பட்ஸ்மேன், நுகர்வோர் ஆணையம்.

ஒம்பட்ஸ்மேன் ஆபீஸ் ஜே.பி. நகர் முதல் ஃபேஸில், ஜீவன் சௌதா கட்டடத்தில். கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க முடியாது, வைக்கவும் தேவையில்லை. 50 லட்சம் வரை தீர்ப்பு சொல்லலாம், அது கம்பெனியைக் கட்டுப்படுத்தும். வீட்டு முகவரி இன்னும் தமிழ்நாட்டில் இருந்தால் சென்னை தேனாம்பேட்டை ஆபீசிலும் போடலாம். ஆனால் நமக்கு நேர்ந்த இழப்பும் வட்டியும்தான் கிடைக்கும், மன உளைச்சலுக்கு எதுவும் இல்லை. நுகர்வோர் ஆணையத்தில் மன உளைச்சல், வழக்குச் செலவு எல்லாம் கேட்கலாம். கட்டிய பிரீமியம் 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கேயும் கட்டணம் இல்லை, ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். சட்டம் 3 மாதம் என்கிறது, வாய்தாக்கள் அதைக் கேட்பதில்லை.

பம்பருக்கு எவ்வளவு, தேய்மானம் எத்தனை சதவீதம் என்ற தொகைச் சண்டைக்கு நான் ஜே.பி. நகரையே தேர்ந்தெடுப்பேன். ஓட்டியது யார், வாடகைக்கு ஓடியதா என்று கம்பெனி உண்மையையே மறுத்து முழுசாக நிராகரித்தால் நுகர்வோர் ஆணையம். சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம் அங்கேதான் எடுபடும். 'முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்' என்ற வவுச்சரில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பயப்பட வேண்டாம். அந்தக் கையெழுத்து மேற்கொண்டு கேட்கும் உரிமையைப் பறிக்காது என்று ஒழுங்குமுறை ஆணையம் 2015-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. பணத்தை வாங்கிக்கொண்டே சண்டை போடலாம்.

வரிசையில் மட்டும் கவனம் வேண்டும். ஒம்பட்ஸ்மேனிடம் தோற்றால் ஆணையத்துக்குப் போகலாம். ஆணையத்தில் முதலில் வழக்கைப் போட்டுவிட்டால் ஒம்பட்ஸ்மேன் அந்தப் புகாரைத் தொட மாட்டார். முதலாவதற்குக் கம்பெனியின் கடைசிப் பதிலிலிருந்து ஒரு வருடம், இரண்டாவதற்குப் பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடம். இரண்டு கடிகாரமும் ஒன்றுக்கொன்று காத்திருக்காமல் தனித்தனியாக ஓடும்.