40 லட்சமும் 25 பாட்டிலும்

பெங்களூரில் இரண்டு முறை காபி டிகாக்ஷன் கம்பெனி ஆரம்பித்தவன் நான். முதல் முறை அடுத்தவர் பணம், 40 லட்சம். இரண்டாம் முறை சொந்தச் சேமிப்பு, 3 லட்சம். சரக்கு ஒன்றுதான்: விடிகாலையில் இறக்கிய டிகாக்ஷனைப் பாட்டிலில் அடைத்து வீட்டுக்கும் ஆபீசுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பது. நான் எந்தக் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சொந்தப் பணக் கட்சி.

முதலீட்டாளர் பணத்தில் சம்பளம் தேதிக்குப் போகும், நல்ல ஆட்கள் வருவார்கள். சொந்தப் பணத்தில் பங்கு முழுக்க நம்முடையது, தூக்கம்தான் கொஞ்சம் குறைவு. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் பார்க்கச் சொல்வது ஒன்றைத்தான்: ஒரு தப்புக்கு என்ன விலை, அது எத்தனை நாளில் கண்ணில் படுகிறது?

முதல் கம்பெனியில் பணம் வந்த மூன்றாம் மாதமே கோரமங்களா, ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட், வைட்ஃபீல்ட் என்று மூன்று சமையலறை. கைப்பணம் 18 மாதத்துக்குத்தான் வரும், அதற்குள் முதலீட்டாளர்களிடம் அடுத்த ரவுண்டு பணம் கேட்க வேண்டும், கேட்பதற்கு விற்பனை ஏறியிருக்க வேண்டும். பாதி விலைக்குக் கொடுத்தோம், ஆர்டர் குவிந்தது. ஒருமுறை வாங்கியவர்கள் மறுபடி வாங்கவில்லை என்பது அந்த ஆர்டர் குவியலில் தெரியவே இல்லை. தள்ளுபடியை நிறுத்திய மாதம் விற்பனை படுத்துவிட்டது. தூளை மாற்றினோம், சிக்கரியைக் குறைத்தோம், டெலிவரி பையன்களைத் திட்டினோம். கடையை மூடும்வரை காரணம் பிடிபடவில்லை.

இரண்டாம் முறை அல்சூரில் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட், தினம் 25 பாட்டில். காலி பாட்டிலை வாங்கி வருவதும் நானேதான். முதல் வாரமே மர்ஃபி டவுனில் ஒரு பாட்டி கதவைத் திறந்து, "ஏம்பா, நேத்து காபி நல்லாதான் இருந்துச்சு, இன்னைக்கு வாசனையே காணோமே" என்றார். அடுக்களையில் பாதி காலியான 250 மில்லி பாட்டில், மூடி சரியாக மூடாமல். திறந்த டிகாக்ஷனில் காற்றுப் பட்டால் மணம் போய்விடும். இரண்டே பேர் இருக்கும் வீட்டில் அந்தப் பாட்டில் இரண்டு நாள் கிடக்கிறது. தூள்மேல் குற்றமில்லை, பாட்டில்தான் பெரிது. 100 மில்லிக்கு மாறினேன். வாங்கி வைத்த 300 பெரிய பாட்டில் வீண், ஏழாயிரம் ரூபாய் போச்சு. முதல் கம்பெனியில் இதே பெரிய பாட்டில் தப்புக்கு ஏழு மாதமும் 11 லட்சமும் கொடுத்து, பாடமும் படிக்காமல் வந்திருந்தேன்.

வெளி முதலீடு வாங்காமல் வளர்ந்தவர்கள் என்றால் 1996-ல் தொடங்கிய ஸோஹோவையும், 2010-ல் இங்கே பெங்களூரில் தொடங்கிய ஸீரோதாவையும் காட்டுவார்கள். அவை மென்பொருள், பங்குத் தரகு. சமையலறைக்காரனுக்கு ஐடி ஃப்ரெஷ் நெருக்கம். 2005-ல் இதே ஊரில் ஒரு சின்ன இடத்தில் இட்லி மாவு அரைக்கத் தொடங்கினார்கள், வெளி முதலீடு வந்தது 2014-ல். மாவு புளிக்கிற கணக்கை ஒன்பது வருடம் படித்த பிறகு!

சொந்தப் பணத்தில் கழுத்தைப் பிடிப்பது வசூல். சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆபீஸ்காரரிடம் அதைக் காட்டினால் அடுத்த மாத ஆர்டர் போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது. ஒருமுறை மூன்று ஆபீஸ் பில் சேர்ந்து நின்றபோது, 30,000 ரூபாயை விட்டுக்கொடுத்து ஏலச் சீட்டை எடுத்துத்தான் காபித்தூள் வாங்கினேன். அப்புறம் வீடுகளிடம் மாத முன்பணம், ஆபீஸ் விற்பனை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடாது என்று வைத்துக்கொண்டேன்.

ஆனால் கோடிகளில் முதலீடு திரட்டியவனில்லை நான். ஊரையே முதலில் பிடித்தால்தான் பிழைக்க முடியும் என்கிற டாக்சி மாதிரித் தொழிலுக்கு என் கணக்கு உதவாமல் போகலாம். 2010-ல் சென்னையில் தொடங்கிய மென்பொருள் கம்பெனி ஃப்ரெஷ்வொர்க்ஸ் முதலீட்டாளர் பணத்தில் வளர்ந்து 2021-ல் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானதையும் மறைக்க முடியாது.

இப்போது தினம் 180 பாட்டில் போகிறது. போன மாதம் தெரிந்தவர் ஒருவர் பணம் போடட்டுமா என்று கேட்டார். இந்திராநகரில் இப்போதுதான் நுழைந்திருக்கிறேன், ஏப்ரல், மே வெயிலில் அங்கே எத்தனை பேர் குறை சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு ஜூனில் பேசலாம் என்றேன்.