குதிரை ரிப்போர்ட் எழுதாது: ஓர் இணையவழிப் பாடநெறி பற்றி

அக்கா மெல்பேர்ணில் இருந்து இணைப்பை அனுப்பியபோது முதலில் சிரித்துவிட்டேன். சிறையில் இருக்கும் பழங்குடி மக்களின் மறுவாழ்வுக்குக் குதிரைகளைக் கொண்டு செய்யும் சிகிச்சை, அறிமுகப் பாடநெறி, 6 பாகங்கள். எனக்குத் தெரிந்த குதிரை எங்கள் கோயில் வேட்டைத் திருவிழாவில் சுவாமி ஏறி வருகிற மரக்குதிரைதான்.

"உனக்குத்தான் இது சரி. மறியலுக்குப் போட்டு வந்த ஆக்களோட வேலை செய்யிறவள் நீதானே," என்றாள் அக்கா.

அது உண்மை. நான் கொக்குவிலில் இருக்கும் ஓர் உளவளத்துணையாளர். தடுப்பில் இருந்து வந்தவர்கள், இன்னும் உள்ளே இருப்பவர்களின் மனைவிமார், தாய்மார் என்று பல வருடமாக இவர்களோடுதான் என் பொழுது போகிறது. பாடநெறியைப் படித்து முடித்தும் விட்டேன். இந்தப் பக்கத்தில் இருந்து யாராவது இதுபோன்ற ஒன்றுக்குக் காசு கட்ட யோசித்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன். நடத்தும் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் இந்த வகைப் பாடநெறிகள் பலவற்றுக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

காசுக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். கட்டணம் 120 அவுஸ்திரேலிய டொலர், எங்கள் காசில் 24,000 ரூபாய் அளவில். என் வங்கி அட்டையை அவர்களுடைய தளம் இரண்டு தடவை ஏற்கவில்லை. மூன்றாம் தடவை காசைப் பிடித்து வைத்துக்கொண்டு 'தோல்வி' என்று காட்டியது. அது திரும்பி வர இரண்டு கிழமை. குதிரை கீழே தள்ளினதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அதுதான். கடைசியில் அக்காவே கட்டினாள். நேரடி வகுப்பு அவர்களுக்கு மாலை 6 மணி, எங்களுக்குப் பகல் 1:30. அடுப்பில் சோறு, மேசையில் சூம். ஒருநாள் ஒலிவாங்கியை மூட மறந்துபோய், குக்கர் விசில் அவுஸ்திரேலியா முழுக்கக் கேட்டது.

இனி விஷயத்துக்கு வருவோம். முதல் இரண்டு பாகங்களும் குதிரையைப் பற்றியவை. அவை மிக நன்றாக இருந்தன, கட்டிய காசில் பாதி அங்கேயே வந்துவிட்டது. குதிரையில் ஏறுவதே இல்லை என்பதுதான் எனக்கு முதல் ஆச்சரியம். சவாரி பழக்குகிற திட்டங்களும் உலகத்தில் உண்டு. இங்கே சொல்லித் தருகிற முறையில் எல்லாமே தரையில் நின்றபடிதான் நடக்கும். ஒரு பக்கம் உளவியல் படித்தவர், மற்றப் பக்கம் குதிரையின் உடல்மொழி தெரிந்தவர், நடுவில் சிறையில் இருப்பவரும் குதிரையும். அவருக்கு ஒரு சின்ன வேலை கொடுப்பார்கள். குதிரையைத் தொடாமல், கயிறு இல்லாமல், தரையில் கிடக்கும் இரண்டு தடிகளுக்கு நடுவால் அதைக் கூட்டிவர வேண்டும். எப்படி என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவர் முயல்வார், குதிரை விலகிப் போகும், அவருக்குக் கோபம் வரும், குதிரை இன்னும் தூரப் போகும். அரை மணி நேரம் கழித்து எல்லோரும் உட்கார்ந்து என்ன நடந்தது என்று கதைப்பார்கள். சிகிச்சை என்பது அந்தக் கதைதான்.

ஏன் குதிரை, ஏன் நாயோ மாடோ இல்லை? வேட்டையாடப்படுகிற விலங்கு என்பதால் என்று விளக்குகிறார்கள். கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் தன்னைச் சுற்றி ஏறக்குறைய எல்லாவற்றையும் பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. காதுகள் இரண்டும் தனித்தனியாகத் திரும்பும். எதிரே நிற்பவரின் தோள் இறுகினால், மூச்சு மாறினால், அதற்கு ஆபத்துச் செய்தி. நாய் எங்களைச் சந்தோஷப்படுத்தப் பார்க்கும், என்ன செய்தாலும் வாலை ஆட்டும். குதிரைக்கு அந்த மரியாதை எல்லாம் கிடையாது. வாயால் "நான் ஓகே" என்று சொல்லிக்கொண்டு உள்ளே கொதித்துக்கொண்டு நிற்கிறவரிடம் அது வராது. எதிரே நிற்பவர் எந்த வழக்கில் உள்ளே வந்தவர் என்பதும் அதற்குத் தெரியாது.

இந்த இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டு முற்றத்துக்குப் போய் நின்றேன். என்னிடம் வருகிற ஒருவர் நினைவுக்கு வந்தார் (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியே சொல்கிறேன்). பயங்கரவாதத் தடைச்சட்டத்தில் நீண்ட காலம் விளக்கமறியலில் இருந்தவர். முதல் மூன்று சந்திப்பிலும் ஒரு சொல் பேசவில்லை. நான்காவதில் என் கொப்பியைக் காட்டி, "தங்கச்சி, என்னோட கதைச்ச ஆக்கள் எல்லாரும் எழுதிக்கொண்டுதான் கதைச்சவை," என்றார். விசாரணை செய்தவர், மருத்துவர், சட்டத்தரணி, புனர்வாழ்வு அதிகாரி, இப்போது நான். அன்றைக்கு நான் கொப்பியை மூடினேன், ஆனால் காரணம் முழுதாக விளங்கவில்லை. குதிரை ரிப்போர்ட் எழுதாது என்பதுதான் காரணம் என்று இந்தப் பாடநெறி எனக்கு விளங்கவைத்தது. அடுத்த சந்திப்புக்குக் கொப்பியே கொண்டுபோகவில்லை. மனம் திறந்து பேசினாரா என்று கேட்காதீர்கள். சின்ன வெங்காயத்தின் விலையைப் பற்றி முக்கால் மணி நேரம் கதைத்தார்.

புனர்வாழ்வு என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாடநெறியின் தலைப்பைத் தமிழில் எழுதும்போது நான் வேண்டுமென்றே மறுவாழ்வு என்று போட்டேன். போர் முடிந்த 2009க்குப் பிறகு ஏறக்குறைய 12,000 பேர் புனர்வாழ்வு முகாம்களுக்குப் போய்வந்த ஊர் இது. எங்கள் காதில் அந்தச் சொல் முள்வேலியோடுதான் கேட்கும். சூம் வகுப்பில் இதைச் சொன்னேன். பயிற்றுநர் ஒரு கணம் பேசாமல் இருந்துவிட்டு, இங்கேயும் பலருக்கு அப்படித்தான் என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

மூன்றாம் பாகம் வரலாறு. 1984இல் நியூயோர்க் மாநிலத்தின் வோல்கில் சிறையில், ஓட்டப்பந்தயத்தில் இருந்து ஓய்வு பெற்ற குதிரைகளைக் கைதிகளிடம் பராமரிக்கக் கொடுத்ததில் தொடங்குகிறார்கள். வேகமாகப் பார்த்துவிட்டுக் கடந்துபோகலாம்.

நான்காம் பாகம்தான் பழங்குடி மக்களைப் பற்றியது. அதை நடத்தியவர் ஒரு பழங்குடி மனிதர், தானும் உள்ளே இருந்து வந்தவர். அவுஸ்திரேலியாவின் சனத்தொகையில் பழங்குடி மக்களும் தொரெஸ் நீரிணைத் தீவினரும் 100க்கு 4 பேர்கூட இல்லை. சிறையிலோ மூன்றில் ஒருவர் அவர்கள். காவலில் நடந்த 99 பழங்குடி மக்களின் மரணங்களை ஆராய்ந்த அரச ஆணைக்குழு 1991இல் 339 பரிந்துரைகளைக் கொடுத்தது. ஆணைக்குழு, பரிந்துரை என்றதும் எங்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை, சூமில் இருந்த நாங்கள் மூன்று இலங்கைப் பேரும் ஒன்றாகத் தலையாட்டினோம். பிறகு அவர் 'தாதிரி' பற்றிச் சொன்னார். டேலி ஆற்றுப் பக்கத்து மூதாட்டி மிரியம்-ரோஸ் உங்குன்மெர்-பவுமன் உலகத்துக்கு எடுத்துச் சொன்ன சொல் அது. ஆழ்ந்து, அவசரப்படாமல், அமைதியாகக் காது கொடுத்தல். குதிரைக்குப் பக்கத்தில் நிற்பது தன் மக்களுக்குப் புதிய விஷயம் இல்லை, அது தாதிரியின் இன்னொரு வடிவம் என்பது அவர் வாதம்.

வட பகுதி மாட்டுப் பண்ணைகளில் குதிரையேறி மாடு மேய்த்தவர்கள் அவருடைய தாத்தாமார். அந்தத் தொழிலில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை, கூலி மட்டும் சரியாகக் கிடைக்காது. 1966இல் வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் குரிந்ஜி மக்கள் வேவ் ஹில் பண்ணையை விட்டு வெளியேறியதும், 1975இல் பிரதமர் விட்லம் நிலத்தைத் திருப்பிக் கொடுப்பதன் அடையாளமாக லிங்கியாரியின் கையில் ஒரு பிடி மண்ணை ஊற்றியதும் அந்தக் கதையின் தொடர்ச்சிதான். ஆகவே சிறையில் இருக்கும் ஒரு பழங்குடி இளைஞன் கடிவாளத்தைத் தொடும்போது தாத்தாவின் பெருமையைத் தொடுகிறான் என்றார். புரூம் நகரில் இப்போது நடக்கும் ஒரு திட்டத்தையும் காட்டினார். பெயர் யவர்தானி ஜான்-கா, யவூரு மொழியில் 'குதிரைகள் உதவுகின்றன' என்று பொருள். அது சிறைக்குள் நடப்பதல்ல, பழங்குடிப் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் வெளியிலேயே நடப்பது. ஆராய்ச்சியை முன்னின்று நடத்துபவரும் பழங்குடிப் பெண், பேராசிரியர் ஜூலி கொஃபின். சிறைக்கு முன்பே செய்வதுதான் நல்லது என்று எனக்குப் பட்டது.

இனிக் குறை. இத்தனை நல்லதையும் சொல்லிவிட்டுக் குதிரையின் மற்ற வரலாற்றை ஒரு வரியில்கூடச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அவுஸ்திரேலியாவுக்குக் குதிரை வந்தது 1788இல், வெள்ளையரின் முதல் கப்பல்களோடு. 1838இல் மயால் கிரீக் என்ற இடத்தில் ஏறக்குறைய 28 பழங்குடி மக்களைக் கொன்ற மாடுமேய்ப்பர்கள் குதிரையில் வந்தவர்கள். 1928இல் பழங்குடி மக்கள் பலர் கொல்லப்பட்ட கொனிஸ்டன் படுகொலையை நடத்தியது குதிரைப் பொலிஸ்காரர் ஒருவரின் தலைமையில் போன கூட்டம். வட அமெரிக்காவின் லகோட்டா மக்களின் மொழியில் குதிரை என்றால் 'புனித நாய்' என்று பொருள்படும். அங்கே அது அவர்களுடைய வாழ்க்கைக்குள்ளேயே வந்துவிட்ட விலங்கு. அவுஸ்திரேலியாவிலும் எல்லோருக்கும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்ள முடியுமா? ஒருவனின் குடும்பக் கதைகளில் குதிரைக் குளம்புச் சத்தம் எதைக் குறிக்கிறது என்று கேட்காமல் அவனைக் குதிரை முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் ஊரில் ஹெலிகொப்டர் சத்தத்துக்கு இன்றைக்கும் தலையை நிமிர்த்துகிற தாய்மாரை எனக்குத் தெரியும். யாராவது அவர்களை ஹெலிகொப்டரைக் காட்டிக் குணப்படுத்த வந்தால் முதலில் கேட்டுவிட்டு வரட்டும்.

ஐந்தாம் பாகம் நடைமுறை. இங்கே ஒரு கசப்பான உண்மையை மேலோட்டமாகச் சொல்லிவிட்டு ஓடுகிறார்கள். இப்படிப்பட்ட திட்டங்கள் பெரும்பாலும் காவல் குறைந்த, பண்ணை வைத்திருக்கும் சிறைகளில்தான் நடக்கும். தண்டனை பெற்று, நன்னடத்தை காட்டி, கடைசிக் கட்டத்துக்கு வந்தவருக்குத்தான் குதிரை கிடைக்கும். தீர்ப்பே வராமல் விளக்கமறியலில் கிடப்பவருக்குக் கிடைக்காது. அங்கும் சரி இங்கும் சரி, மனம் அதிகம் உடைகிற காலம் அந்தக் காலம்தான். ஆய்வுகளைப் பற்றியும் விளம்பரப் பக்கம் ஒன்று சொல்கிறது, பாடம் இன்னொன்று சொல்கிறது. விளம்பரத்தில் 'நிரூபிக்கப்பட்ட' முறை. பாடத்தில், இருக்கும் ஆய்வுகளில் பல சின்னவை, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாதவை. பாடம் சொல்வதே சரி. விளம்பரத்தைத் திருத்துங்கள் என்று கருத்துப் படிவத்தில் எழுதியிருக்கிறேன்.

ஆறாம் பாகம் வீட்டுப்பாடம். கட்டப்படாத ஒரு குதிரைக்கு அருகில் 20 நிமிடம் சும்மா நின்று, உங்கள் உடம்பில் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு எங்கே போவது? காட்டுக் குதிரைகள் திரியும் நெடுந்தீவுக்குத்தான். சித்திரைக் கடைசியில் குறிகட்டுவானுக்குப் பஸ் எடுத்து, படகில் ஒரு மணித்தியாலம் ஆடி ஆடிப் போய், 3,500 ரூபாய்க்கு ஓர் ஓட்டோ பிடித்தேன். குதிரை லாயத்தின் இடிந்த தூண்களைத் தாண்டி வெட்டவெளிக்குக் கூட்டிப்போனார் அந்த அண்ணை. பழுப்பு நிறத்தில் கட்டையான குதிரைகள் ஏழெட்டு, ஒரு குட்டியும் நின்றது.

"என்ன பிள்ளை, படம் எடுக்கேல்லையோ?"

"இல்லை அண்ணை, சும்மா 20 நிமிஷம் நிக்க வேணும்."

"சும்மா நிக்கவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?"

நின்றேன். மூச்சை எண்ணினேன், தோளைத் தளர்த்தினேன், சொல்லித் தந்தது எல்லாம் செய்தேன். உச்சி வெயிலில் தலை வெடித்தது. 15 நிமிடம் போனபிறகு தாய்க்குதிரை ஒன்று மெல்லத் திரும்பி இரண்டு காதையும் முன்னால் நீட்டியது. எனக்குப் புல்லரித்தது. இதுதான், இதுதான் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

"உது உங்களைப் பார்க்கேல்லைப் பிள்ளை," என்றார் அண்ணை பின்னால் இருந்து. "போத்தலைப் பார்க்குது." அவர் முகம் கழுவத் தண்ணீர்ப் போத்தலைத் திறந்திருந்தார். கோடையில் அந்தக் குதிரைகள் தண்ணீர் இல்லாமல் சாவது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எங்களிடம் இருந்த இரண்டு போத்தலையும் அங்கே கிடந்த உடைந்த சட்டி ஒன்றில் ஊற்றிவிட்டு விலகி நின்றோம். நாங்கள் ஓட்டோவில் ஏறும்வரை அது கிட்ட வரவில்லை.

இதை அப்படியே, போத்தலையும் சேர்த்து, எழுதி அனுப்பினேன். பயிற்றுநரின் பதில் வந்தது: அந்தக் குதிரையோடு உங்களுக்கு உண்டான அழகான இணைப்பை வாசித்து நெகிழ்ந்தோம். வாசித்தார்களோ தெரியாது.

யாருக்கு இது பொருந்தும்? சிறை, தடுப்பு, போதை மறுவாழ்வு போன்ற இடங்களில் ஏற்கெனவே வேலை செய்பவர்களுக்குப் பொருந்தும். முதல் இரண்டு பாகங்களும் நான்காவதும் நீங்கள் எதிரில் நிற்கும் விதத்தை யோசிக்கவைக்கும். சான்றிதழை வைத்துக்கொண்டு குதிரைச் சிகிச்சை தொடங்கலாம் என்று நினைத்தால் வேண்டாம். அதற்கு நேரடிப் பயிற்சி வேறு, மனநலத் தகுதி வேறு, குதிரையும் வேண்டும். ஆங்கிலம் வேகமாகப் போகும், திரையில் எழுத்துத் துணை உண்டு, ஆனால் பழங்குடிப் பெயர்களை எல்லாம் அது கண்டபடி எழுதுகிறது.

மயால் கிரீக்கைப் பற்றி நான் கேட்ட கேள்விக்கு 11 நாள் கழித்து, நான்காம் பாகத்தை நடத்தியவரே பதில் எழுதினார். தானும் அதைச் சேர்க்கச் சொன்னாராம், நேரம் போதாது என்று வெட்டிவிட்டார்களாம், அடுத்த அணிக்குத் தனி வகுப்பாகவே வருமாம். காசு கட்டுவதானால் அந்த வகுப்பு சேர்ந்ததா என்று எழுதிக் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். வீடியோக்கள் 90 நாளில் மூடிவிடும், தரவிறக்கவும் விடமாட்டார்கள். நான்காம் பாகத்தை முதலில் பார்த்துவிடுங்கள்.