மிதவையா, படகு விமானமா?

பெங்களூரில் ரேடியோ கன்ட்ரோல் கடல் விமானம் பழக நினைக்கிறீர்களா? சாதாரண பயிற்சி விமானத்தில் மிதவை மாட்டலாம், இல்லை உடலே படகாக இருக்கும் ஃபோம் விமானம் வாங்கலாம்.

புதியவர்களுக்கு என் ஓட்டு மிதவைக்கே. முதலில் சக்கரத்தோடு புல்தரையில் பழகலாம். கை படிந்த அப்புறம் மிதவை. மிதவையின் அடியில் படிக்கட்டு மாதிரி ஒரு வெட்டு இருக்கும்; அது விமானத்தின் எடைமையத்துக்குச் சற்றே பின்னால் வரவேண்டும். ரொம்பப் பின்னால் போனால் மூக்கு தூக்காது, தண்ணீரிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

படகு விமானம் பார்க்க அழகுதான். ஆனால் மோட்டார் பெரும்பாலும் இறக்கைக்கு மேலே இருப்பதால், த்ராட்டிலைக் கூட்டினால் மூக்கு அமுங்கும், குறைத்தால் தூக்கும். புதுக் கைக்கு இது பெரிய குழப்பம்.

எதுவானாலும், சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் நம் ஊரில் காற்றின் அடர்த்தி குறைவு. எழும்பும் ஓட்டம் நீளும். ஏரிக்குக் கிளம்புமுன் அரசின் ட்ரோன் வான்வெளித் தளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் அது பச்சை மண்டலமா (முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பகுதியா) என்று பாருங்கள். எலகங்கா, எச்.ஏ.எல். விமானதளங்கள் பக்கம் வேண்டவே வேண்டாம்.