குடிநீரில் காரீயம்: குழாயை மாற்றுவதா, ஆர்.ஓ. வாங்குவதா?

ஆர்.ஓ. என்கிற தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரத்தை விற்க வருகிறவர் பையிலிருந்து முதலில் எடுப்பது, தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரைத்தான். நம் வீட்டுத் தண்ணீரில் முக்கினால் 480 காட்டுகிறது, அவருடைய இயந்திரத் தண்ணீரில் 40 என்று வையுங்கள். பாதி வியாபாரம் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் அந்த 480-இல் அநேகமாக எல்லாமே உப்பும் சுண்ணாம்புச் சத்தும்தான். காரீயம் (லெட்) என்கிற நச்சு உலோகத்துக்கு இந்தியக் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500) வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதைப் போலப் பத்து மடங்கு கலந்திருந்தாலும் மீட்டரில் எண் அசையாது. மீட்டரை நம்பி முடிவெடுக்க முடியாது.

காரீயம் பல வீடுகளில் வருவது பித்தளையிலிருந்து. கடைசல் பிடிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று பித்தளையில் 2, 3 சதவீதம் காரீயம் சேர்ப்பது பழைய வழக்கம். வெளியே பளபளக்கும் குரோம் பூச்சு குழாயின் உட்புறத்தைக் காப்பதில்லை. இரவு முழுக்க உள்ளே நிற்கும் தண்ணீரில் காரீயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. அமெரிக்காவில் 2014-இல் இருந்து, தண்ணீர் படும் பாகங்களில் சராசரியாக 0.25 சதவீதத்துக்கு மேல் காரீயம் கூடாது. அதற்கு முன்னால் 8 சதவீதம் வரை இருந்தாலும் ‘காரீயம் இல்லாதது’ என்று விற்கலாம் என்பது அங்கே சட்டம்!

சரி, என்ன செய்யலாம்?

செலவே இல்லாத வழி, காலையில் முதல் தண்ணீரைக் குடிக்காமல் விடுவது. அரை இஞ்ச் பைப்பில் ஒரு மீட்டருக்கு 200 மில்லிகூடப் பிடிக்காது. ஒரு சொம்பு தண்ணீரைப் பாத்திரம் கழுவ ஒதுக்கினால் குழாயும், சுவருக்குள் இருக்கும் பித்தளை மரை வைத்த இணைப்பும், அதற்குப் பின்னால் சில மீட்டர் பைப்பும் காலியாகிவிடும். மற்றபடி பைப் பிளாஸ்டிக்காக இருந்தால் இதுவே பெரும்பாலும் போதும். குறை ஒன்றுதான். வீட்டில் எல்லோரும், எல்லா நாளும் ஞாபகம் வைத்துச் செய்ய வேண்டும். மத்தியானம் பூட்டிக்கிடந்த வீட்டுக்கும் இதே கதைதான்.

கொதிக்க வைப்பது கிருமிக்கு நல்லது, காரீயத்துக்கு உதவாது. தண்ணீர் வற்ற வற்ற அது இன்னும் செறிவாகும். கிருமியைக் கொல்லும் யு.வி. (புற ஊதா) விளக்கும் அப்படியே, உலோகத்தைத் தொடாது. கேண்டில் ஃபில்டர் துகளைப் பிடிக்கும், கரைந்ததை விட்டுவிடும். கீசர் தண்ணீரில் உலை வைப்பது இருப்பதிலேயே மோசம், சூட்டில் உலோகம் அதிகம் கரையும்.

ஆர்.ஓ. காரீயத்தின் பெரும்பகுதியை நிஜமாகவே எடுத்துவிடும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு லிட்டர் கிடைக்க இரண்டு, மூன்று லிட்டர் சாக்கடைக்குப் போகும், ஆண்டுதோறும் பராமரிப்புச் செலவு உண்டு. இன்னொரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. உப்பு நீங்கிய தண்ணீர் உலோகத்தை அதிகம் அரிக்கும். அதைப் பித்தளைக் குழாய் வழியாகப் பிடிப்பதும் பித்தளைக் குடத்தில் ஊற்றி வைப்பதும் வந்த வழியே திரும்புகிற வேலை. மழைநீருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

என் ஓட்டு குழாயை மாற்றுவதற்குத்தான். அதுவும் குடிக்கப் பிடிக்கிற ஒரே ஒரு சமையலறைக் குழாயை. குளியலறைப் பித்தளை அப்படியே இருக்கட்டும். பி.டி.எம்.டி. என்கிற கெட்டி பிளாஸ்டிக் குழாய் மலிவு, உடம்பில் உலோகம் கிடையாது. முரட்டுக் கை பட்டால் மரை போய்விடும், அவ்வளவுதான். நீடித்து உழைக்க வேண்டும் என்றால் எஸ்.எஸ். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். காந்தம் ஒட்டவில்லை, ஒரிஜினல் என்று கடைக்காரர் காட்டுவார். மலிவான 202 ரக ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது. அதனால் பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள். கையில் கனமாக இருக்கிறது என்பதற்காகப் பித்தளையைத் தேர்ந்தெடுப்பது நம் ஊர்ப் பழக்கம், இந்த ஒரு குழாய்க்கு மட்டும் அதை விட்டுவிடலாம். பிளம்பர் வரும்போது குழாய்க்குப் பின்னாலுள்ள பித்தளை இணைப்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் குழாயை மாற்றினால் தீராத வீடுகளும் உண்டு. 2015-இல் ஹாங்காங்கின் காய் சிங் குடியிருப்பில் குடிநீரில் காரீயம் கலந்தபோது, காரணம் செம்பு பைப்புகளின் இணைப்பில் பற்றவைத்த காரீயம். பழைய பி.வி.சி. பைப்பிலும் காரீயக் கலவை இருக்கலாம். அதைக் கட்டுப்படுத்தும் விதிகள் இந்தியாவில் வந்ததே 2021-இல்தான்.

உங்கள் வீடு எந்த ரகம் என்று தெரிய இரண்டு பாட்டில் தண்ணீர் போதும். காலையில் குழாயைத் திறந்ததும் முதலில் வருவது ஒன்றில், ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிடித்தது இன்னொன்றில். என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில் கொடுத்து, காரீயம் பார்க்க வேண்டும் என்று தனியாகச் சொல்லுங்கள். சாதாரண குடிநீர்ச் சோதனையில் பல இடங்களில் அது சேராது. முதல் பாட்டிலில் மட்டும் அதிகம் இருந்தால் பெரும்பாலும் குழாயும் அதன் இணைப்பும்தான் காரணம், அநேகமாக மாற்றினால் போதும். இரண்டிலும் அதிகம் என்றால் பைப்பிலோ, தண்ணீர் வரும் இடத்திலோ கோளாறு. அப்போது ஆர்.ஓ.வுக்குப் பணம் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.