நார்னியா: வெளிவந்த வரிசையா, கதை வரிசையா?

சி. எஸ். லூயிஸ் எழுதிய சிறுவர் மாயாஜாலக் கதைத் தொடரான நார்னியா மொத்தம் ஏழு புத்தகம். எந்த வரிசையில் படிப்பது? அலமாரிக்குள் புகுந்து லூசி என்ற சிறுமி நார்னியா என்ற மாய உலகின் பனிக்காட்டுக்குப் போகும் கதைதான் முதலில், 1950இல் வந்தது. அந்த உலகம் பிறந்த கதை 1955இல்தான் வந்தது. ஆனால் இப்போதைய பதிப்புகளில் அதற்குத்தான் எண் 1.

கதை வரிசையில் போனால் குழப்பமில்லை. 1957இல் ஒரு சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில் லூயிஸே இதற்குத் தலையாட்டியிருக்கிறார். (வரிசை பெரிய விஷயமில்லை என்றும் அதிலேயே சொல்லிவிட்டார்!)

சரி, ஆனால் நடுக்காட்டில், பனியில், தன்னந்தனியாக ஒரு விளக்குக்கம்பம் எரிகிறதே! அதைப் பார்த்து லூசியோடு நாமும் முழிக்க வேண்டாமா? பிறந்த கதையை முதலில் படித்தவருக்கு அந்தக் கம்பம் முளைத்த விதம் ஏற்கெனவே தெரியும். என் ஓட்டு 1950க்குத்தான். கதை வரிசை இரண்டாம் வாசிப்புக்கு இருக்கட்டும்.