ஓட ஓடத்தான் உயிர்: வீட்டிலேயே மீட்டெடுத்த போர்ஷே 911 எஸ்சி

காற்றால் குளிரும் பழைய 911-ஐ வீட்டில் வைத்துப் பராமரிக்க முடியுமா? அடிக்கடி ஓட்டுவதாக இருந்தால் முடியும். துணி போர்த்தி நிறுத்தி வைப்பதற்கென்றால் வேறு காரைப் பாருங்கள். என்னிடம் பல ஆண்டுகளாக இருப்பது 911 எஸ்சி. 1978 முதல் 1983 வரை தயாரான வகை. 2,994 சிசி, ஆறு சிலிண்டர், என்ஜின் பின்பக்கம். எனக்கு முன்பு வைத்திருந்தவர் அதை நெடுங்காலம் அசைக்காமல் நிறுத்திவிட்டார். நான் செய்த மராமத்தில் ஓடித் தேய்ந்தவற்றுக்கான வேலை கொஞ்சம்தான். மீதி எல்லாம் நின்று கெட்டவற்றுக்கான வேலை.

அதில் முதலில் வருவது பெட்ரோல். எஸ்சியில் இருப்பது பாஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக் என்ற பெட்ரோல் பீய்ச்சும் அமைப்பு. என்ஜின் இழுக்கும் காற்று ஒரு தட்டைத் தூக்கும். தட்டு எவ்வளவு உயர்கிறதோ அதற்கேற்ற பெட்ரோலை ஒரு விநியோகி ஆறு சிலிண்டர்களுக்கும் பிரித்து அனுப்பும். அந்த விநியோகிக்குள் இருக்கும் வழிகள் மயிரிழை போன்றவை. பழைய பெட்ரோல் காய்ந்து பிசினாகிவிட்டால் அடைத்துக்கொள்ளும். ஆகவே முதலில் டேங்கைக் கழற்றிக் கழுவினேன். குழாய்கள், ஃபில்டர் இரண்டையும் புதிதாக மாற்றினேன். இன்ஜெக்டர்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் குவளைக்குள் பீய்ச்சவிட்டுப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் சாவியைத் திருப்பினேன். இந்த வரிசையை மாற்றாதீர்கள். அழுக்கு டேங்கோடு ஸ்டார்ட் செய்ய முயன்றால், அடியில் கிடக்கும் துருத்தூள் எல்லாம் முன்னே கிளம்பி வரும்.

கே-ஜெட்ரானிக்கைக் கழற்றி எறிந்துவிட்டு கார்புரேட்டர் மாட்டச் சொல்பவர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அழுத்தம் சரியாக இருந்து, காற்று எங்கும் புகாமல் இருந்தால் இது வருடக்கணக்கில் தொல்லை தராது. காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். ஓட்டம் தடுமாற வேண்டும், நின்றே போனாலும் நல்லதுதான். மூடியைத் திறந்தும் எந்த மாற்றமும் தெரியவில்லை என்றால், ஏற்கெனவே வேறு எங்கோ காற்று புகுந்துகொண்டிருக்கிறது. இன்னொன்று: குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது எதிர்வெடிப்பு ஏற்பட்டால் என்ஜினுக்குக் காற்று போகும் பிளாஸ்டிக் பெட்டியான ஏர்பாக்ஸ் பிளந்துவிடக்கூடும். அந்த அழுத்தத்தை வெளியேற்ற ஸ்பிரிங் வைத்த ஒரு சிறு கதவு தனியாகக் கிடைக்கிறது. அது பொருத்தப்படாத எஸ்சியை வாங்கினால் முதல் வேலையாக அதைப் பொருத்திவிடுங்கள்.

911 குடும்பத்தில் எஸ்சியைத் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு காரணங்கள். இதற்கு முந்தைய 2.7 லிட்டர் என்ஜின்களின் கிராங்க்கேஸ், அதாவது என்ஜினின் அடிக்கூடு, மெக்னீசியத்தால் ஆனது. சூட்டில், சிலிண்டர் ஹெட்டை அதோடு இறுக்கிப் பிடிக்கும் ஹெட் ஸ்டட்கள் மரையோடு பிடுங்கிக்கொண்டு வரும். எஸ்சியின் கிராங்க்கேஸ் அலுமினியம். அடுத்தது, 1976 மாடலிலிருந்து 911-இன் உடல் தகடுகளுக்குத் துத்தநாகப் பூச்சு வந்துவிட்டது. அதற்கு முந்தைய கார்களில் வெல்டிங் வேலைக்கு முடிவே இருக்காது. பூச்சு இருப்பதால் துருவே பிடிக்காது என்று எண்ணிவிட வேண்டாம். முன்பக்கம் பேட்டரி உட்காரும் இடம், பெட்ரோல் டேங்குக்குக் கீழே உள்ள தகடு, கதவுப் பூட்டு மாட்டும் தூணின் அடிப்பகுதி, வாசற்படித் தகடு ஆகியவற்றைக் கையால் தடவிப் பாருங்கள். காந்தம் ஒன்றும் கூடவே இருக்கட்டும். தடிமனாகப் பட்டி வைத்துப் பெயின்ட் அடித்த இடத்தில் அது ஒட்டாது. டிங்கரிங், பெயின்ட் இரண்டையும் நான் கடைசிக்குத் தள்ளிவைத்தேன். ஓடாத காரைப் பளபளப்பாக்கி வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இனி ஆயில். இந்தக் காரைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்ல அனுமதித்தால் ஆயிலைப் பற்றித்தான் சொல்வேன். ஃபேன் அடிக்கும் காற்று சிலிண்டர்களையும் ஹெட்டுகளையும் குளிர்விக்கும்; மீதிச் சூட்டைச் சுமந்து வெளியேற்றுவது ஆயில். அதனால்தான் சாதாரணக் காரில் நான்கைந்து லிட்டர் பிடிக்கும் இடத்தில் இதற்குச் சுமார் 13 லிட்டர். அதன் பெரும்பகுதி என்ஜினுக்கு அடியில் இல்லாமல், வலது பின் ஃபெண்டருக்குள் தனி டேங்கில் இருக்கிறது. அளவு பார்ப்பதற்கு என்ஜின் முழுச் சூட்டில் இருக்க வேண்டும், ஐடிலிங்கில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், கார் சமதளத்தில் நிற்க வேண்டும். குளிர்ந்த நிலையில் அளவுகோலில் ஆயிலே தெரியாமல் போகலாம். அதை நம்பி ஊற்றினால் மிகுதியான ஆயில் காற்றுக்குழாய் வழியே ஏர் ஃபில்டர் பக்கம் போய்ச் சேரும், புகை மண்டும். மாற்றும்போதும் டேங்கில் ஒன்று, என்ஜினில் ஒன்று என இரண்டு இடங்களில் வடிக்க வேண்டும். நான் போடுவது 20டபிள்யூ-50. வால்வுகளைத் திறக்கும் கேம்களைத் தேயாமல் காக்கும் துத்தநாகச் சேர்மம் அதில் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குகிறேன்.

ஓட்டாமல் வைக்காதீர்கள் என்று வற்புறுத்துவதும் இந்த ஆயிலுக்காகவே. கடைக்குப் போய்த் திரும்பும் ஓட்டத்தில் 13 லிட்டர் ஆயில் சூடாகாது. எரிதலில் உண்டாகும் நீராவி உள்ளேயே படிந்து ஆயிலோடு கலந்துவிடும். ஆயில் சூடு 85 டிகிரியை ஒட்டி வந்த பிறகுதான் தெர்மோஸ்டாட் திறந்து, முன்பக்கக் கூலருக்கு ஆயில் பாயத் தொடங்கும். அதற்குப் பிறகும் நல்ல நேரம் ஓட வேண்டும். நான் இந்தக் காரை எடுத்தால் நீண்ட தூரத்துக்கே எடுக்கிறேன். அப்படி ஓட்டத் தொடங்கிய பிறகு, சீல்கள் ஓரமாகக் கசிந்த ஈரம்கூடக் குறைந்தது.

கசிவைப் பற்றிப் பயமுறுத்துபவர்கள் அதிகம். ஈரப்பசை தெரிவது வேறு, சொட்டுவது வேறு. சொட்டினால் முதலில் பார்க்க வேண்டியவை வால்வு கவர்கள், அடுத்து ஹெட் பக்கத்திலிருந்து கிராங்க்கேஸுக்கு ஆயில் திரும்பும் நான்கு குழாய்கள். பழைய குழாய்களை என்ஜினைப் பிரிக்காமல் எடுக்க முடியாது. ஆனால் இரண்டு துண்டாக வரும் மாற்றுக் குழாய்களைச் சுருக்கி உள்ளே நுழைத்து, விரித்துப் பூட்டிவிடலாம். ஆயில் சொட்டுவது ஹீட்டருக்கான வெப்பப் பெட்டிகள் மேல் என்றால் தள்ளிப்போடாதீர்கள். காருக்குள் வரும் வெதுவெதுப்பான காற்று, சைலன்சர் குழாயைச் சுற்றியுள்ள அந்தப் பெட்டிகளிலிருந்துதான் வருகிறது. உள்ளே குழாய் துருவேறி ஓட்டை விழுந்தால் நச்சுப்புகையும் அதே வழியில் வரும். பழைய கார் என்றால் வாசனை இருக்கத்தான் செய்யும் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

நான் மிகவும் விரும்பிச் செய்யும் வேலை டேப்பட் வைப்பது, அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்வது. இரவு முழுவதும் குளிர்ந்த என்ஜினில்தான் செய்ய வேண்டும். புல்லியில் முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் இசட்1 குறியைக் கிராங்க்கேஸின் இணைப்புக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து, டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டார் முதல் சிலிண்டரைக் காட்டுகிறதா என்று உறுதிசெய்து, இரண்டு வால்வுகளிலும் 0.1 மில்லிமீட்டர் இடைவெளி வைக்கிறோம். பிறகு 120 டிகிரி திருப்பினால் ஆறாவது சிலிண்டர். அப்படியே 2, 4, 3, 5. மேல் வால்வுகள் எளிது. கீழே இருப்பவற்றைக் கார் அடியில் படுத்து, கண்ணால் பார்க்காமல் ஃபீலர் கேஜ் உரசும் உணர்வை வைத்தே முடிவு செய்ய வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது இடைவெளி நகரும். ஒவ்வொரு முறையும் மறுபடி அளக்காமல் அடுத்ததற்குப் போகக் கூடாது. கீழ்க் கவர் திறந்திருக்கும்போதே முறிந்த ஹெட் ஸ்டட் ஏதாவது கிடக்கிறதா என்றும் பாருங்கள். எஸ்சியில் கீழ்வரிசை ஸ்டட் முறிவது இந்தக் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த பலவீனம். என் காரில் இதுவரை எல்லாம் முழுதாகவே இருக்கின்றன.

மற்றவை சாதாரணப் பராமரிப்புதான். பிரேக் ஆயில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. சக்கர நட்டுகளுக்கு 130 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்ச் வைத்தே. ஃபேன் பெல்ட்டின் இறுக்கத்தைப் புல்லியின் இரு பாதிகளுக்கு நடுவே வாஷர்களைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாம். ஆல்டர்னேட்டரையும் ஃபேனையும் சுழற்றுவது அந்த ஒரே பெல்ட். சார்ஜ் விளக்கு எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கலாம், அதாவது குளிர்ச்சி நின்றிருக்கலாம். அந்த இடத்திலேயே ஓரங்கட்டி என்ஜினை நிறுத்துங்கள். மாற்று பெல்ட்டும் ஸ்பேனரும் எப்போதும் காரில் இருக்கட்டும்.

வீட்டில் செய்யாத வேலைகளும் உண்டு. இந்தக் காரின் கியர்பாக்ஸைத் (915 வகை) திறப்பது, ஹெட்டுகளை மெஷின் செய்வது, துருப்பிடித்த தகட்டை வெட்டி வெல்டிங் வைப்பது ஆகியவற்றை அனுபவசாலிகளிடம் விட்டுவிடுகிறேன். அந்த கியர்பாக்ஸ் அவசரப்படுத்தினால் முரண்டு பிடிக்கும். நியூட்ரலில் ஒரு கணம் நிறுத்திப் போட்டால் வழுக்கிக்கொண்டு விழும்.

ஓட்டும் அனுபவம் இந்த உழைப்புக்குத் தகுதியானதா? என்னளவில் ஆம், தயக்கமே இல்லை. தரையிலிருந்து எழும் பெடல்கள், கைக்குச் சாலையை அப்படியே உணர்த்தும் ஸ்டியரிங், 4,000 சுற்றுக்கு மேல் ஃபேனும் சைலன்சரும் சேர்ந்து எழுப்பும் அந்தக் கரகரத்த முழக்கம். வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் மட்டும் பின்பக்கம் வெளியே தள்ளும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துக்கொள்ள வேண்டும்.

வாங்கப் போகிறவர்களுக்கு: பெயின்ட் மங்கினாலும் ஒவ்வோர் ஆண்டும் ஓடியதற்குப் பில் வைத்திருக்கும் காரைத் தேடுங்கள். நீங்கள் போகும்போது என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். முதல் ஸ்டார்ட்டில் கொஞ்சம் புகை வருவது, படுத்த சிலிண்டர்களில் இயல்பு. அது நிற்காமல் தொடர்ந்தாலோ, சூடேற்றி அணைத்த பிறகு மறுபடி ஸ்டார்ட் ஆக மறுத்தாலோ, என்ன கோளாறு என்று தெரியும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.