ஸ்வால்பார்டா, ஸ்கோர்ஸ்பி சண்டா? சின்னப் படகுக்கு எது சரி?

பத்துப் பன்னிரண்டு பேர் ஏறும் பாய்மரப் படகில் ஆர்க்டிக் ஃபியோர்டுகளுக்குள், அதாவது மலைகளுக்கு நடுவே உள்நோக்கி நீளும் ஒடுங்கிய கடல் வழிகளுக்குள், போக ஆசைப்படுகிறவர்கள் பலர் கடைசியில் இந்த இரண்டுக்கும் நடுவேதான் தவிப்பார்கள். நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டம் வட அட்சரேகை 74 முதல் 81 பாகை வரை பரந்திருக்கிறது. கிழக்கு கிரீன்லாந்தின் ஸ்கோர்ஸ்பி சண்ட் 70 பாகையை ஒட்டித்தான். ஆனாலும் தெற்கே இருப்பதுதான் படகுக்குக் கடினம்.

காரணம் நீரோட்டம். அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீர் ஸ்வால்பார்டின் பெரிய தீவான ஸ்பிட்ஸ்பெர்கனின் மேற்குக் கரையை ஒட்டி வடக்கே ஏறுகிறது. கோடையில் அங்கே கடல் பெரும்பாலும் திறந்தே கிடக்கும். கிரீன்லாந்தின் கிழக்கிலோ, துருவக் கடலின் பனித்தட்டுகளை அள்ளிக்கொண்டு நீரோட்டம் தெற்கே இறங்குகிறது. ஜூலைக் கடைசி வாக்கில் பனி விலகி ஸ்கோர்ஸ்பி சண்டின் வாய் திறந்தால், செப்டம்பர் நடுவரை போய்வரலாம். ஆங்கிலேய மாலுமி டில்மன் ஸ்கோர்ஸ்பி சண்டுக்காகத் திரும்பத் திரும்பக் கிளம்பினார். அந்தக் கடல்களில் 1968-ல் ஒரு படகையும் 1972-ல் இன்னொன்றையும் இழந்தார்.

ஸ்வால்பார்டுக்குப் போவது எளிது. ஆஸ்லோவிலிருந்து அங்குள்ள முக்கிய ஊரான லாங்யர்பியனுக்கு விமானம் உண்டு, இறங்கியதும் படகில் ஏறிவிடலாம். காங்ஸ்ஃபியோர்டில் நுழைந்தால் ஆய்வாளர்களின் சிற்றூரான நி-ஓலசுண்ட். 2008 முதல் நம் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் அங்கேதான் இருக்கிறது. அந்த ஃபியோர்டின் நீரை அளக்க 2014-ல் இறக்கிய கருவித் தொகுப்பு சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கியது. அதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். விதிகள் மட்டும் 2025 முதல் இறுகிவிட்டன. பனிக்கரடியை விட்டு 300 மீட்டர், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும். இது நல்ல விதி.

ஸ்கோர்ஸ்பி சண்டின் கதை வேறு. ஐஸ்லாந்தின் வடகரையிலிருந்து ஏறக்குறைய 300 கடல் மைல், காற்று ஒத்துழைத்தாலும் இரண்டு நாளுக்கு மேல் திறந்த கடல். ஃபியோர்டின் வாய்ப்பக்கம் இட்டொக்கொர்டூர்மீட் என்ற ஒரே ஊர், சுமார் 350 பேர். உள்ளே ஏறக்குறைய 350 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடையில்லை, டீசல் இல்லை. உலகின் மிகப் பெரிய ஃபியோர்டுத் தொகுதி இது. கரை செங்குத்தாக நீருக்குள் இறங்குவதால் நங்கூரம் பிடிக்கும் குடா அபூர்வம். பிடித்தாலும் நிம்மதியாகத் தூங்க முடியாது. காற்று திரும்பினால் வீடு அளவு மிதக்கும் பனிமலை மெதுவாகப் படகை நோக்கி நகர்ந்து வரும். சின்னத் துண்டு என்றால் நீளக் கழியால் தள்ளலாம். பெரியது என்றால் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு விலகுவதைத் தவிர வழியில்லை. பக்கத்தில் உருகும் பனிக்கட்டி எண்ணெயில் கடுகு வெடிப்பது போலச் சடசடக்கும். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பனிக்குள் அடைபட்ட காற்று அப்போதுதான் வெளியே வருகிறது.

முதல் பயணம், கையில் பத்து நாள் என்றால் ஸ்வால்பார்டு போங்கள். மூன்று வாரம் ஒதுக்க முடியும், பனி அடைத்தால் திரும்பி வரவும் மனசு ஒப்பும் என்றால் ஸ்கோர்ஸ்பி சண்ட்தான் என் தேர்வு. ‘ரோட ஓ’ என்ற சிவந்த பாறைத் தீவு ஒன்றுக்காகவே போகலாம், அதைச் சுற்றி நீலப் பனிமலைகள் அடைந்து கிடக்கும். கோடையில் காணாமல் போன இரவு ஆகஸ்ட் கடைசியில் திரும்பிவிடும், துருவ ஒளியும் தெரியும். ஆனால் இருட்டில் மிதக்கும் பனிக்கட்டி கண்ணுக்குப் படாது, அதனால் வெளிச்சம் இருக்கும்போதே நங்கூரம் போட்டுவிட வேண்டும்.